1950களின் தட்டும் கோப்பையும்: பழைய கடைகளில் தேடிச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

மிட்-செஞ்சுரி பாத்திரங்கள் என்று சொல்லும்போது தோராயமாக 1945 முதல் 1970 வரை தயாரான தட்டு, கோப்பை, சாசர், கலக்கும் கிண்ணம், மூடி போட்ட பாத்திரம் எல்லாம் அதில் அடங்கும். போர் முடிந்ததும் தொழிற்சாலைகள் மறுபடி வீட்டுப் பொருள் பக்கம் திரும்பின, புதிதாகக் குடும்பம் நடத்த ஆரம்பித்தவர்களுக்குச் சின்ன வீட்டில் அடங்குகிற, அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வருகிற, ஆளுக்கு ஏற்ற விலையில் கிடைக்கிற பாத்திரம் வேண்டியிருந்தது. ரோஜாக் கொத்தும் தங்க விளிம்புமாக இருந்த இடத்தில் பளிச்சென்ற ஒற்றை நிறங்கள், நட்சத்திரங்கள், இலைகள், பூமராங் வடிவங்கள் வந்து உட்கார்ந்தன. லட்சக்கணக்கில் செய்து விற்றதால்தான் இன்றும் செகண்ட் ஹேண்ட் கடையில் தூசி படிந்த அடுக்குக்குள் ஒன்று கிடைக்கிறது. அதே காரணத்தால் எல்லாமே அரிது என்று நம்பி வாங்கவும் கூடாது.

சேகரிப்பு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனப் பெயர்களில் ஆரம்பிப்பார்கள். நான் கையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம், கையில் இருக்கும் பொருளின் நிலையை மட்டும் கடையை விட்டு வெளியே வந்த பிறகு மாற்ற முடியாது.

படி 1: சாப்பிடவா, பார்க்கவா?

ஒவ்வொரு பொருளையும் எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கும். அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் என்றால் நிறமும் வடிவமும் போதும், பின்பக்கம் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் பரவாயில்லை. தினமும் சாப்பிட என்றால் கிளேஸ் முழுசாக இருக்க வேண்டும், அதாவது மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சில் விரிசல் இருக்கக் கூடாது, உலோகத் தங்கப் பூச்சு இல்லாமல் இருந்தால் நல்லது, ஈயம் பற்றியும் யோசிக்க வேண்டும். அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கூடவே ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறம், ஒரு நாடு, ஒரு வடிவமைப்பாளர், வெறும் குழம்புக் குவளைகள், வெறும் உப்பு-மிளகுக் குப்பிகள் என்று எதுவாகவும் இருக்கட்டும். எல்லையே இல்லாமல் ஆரம்பித்தவர்களின் வீட்டில் ஒரு வருஷத்துக்குள் நடக்க இடம் இருக்காது. முழு செட் சேர்த்தே தீருவேன் என்பது இதைவிடப் பெரிய வலை. எட்டுப் பேருக்கான செட்டில் ஏழு கிடைத்துவிட்டு எட்டாவது கோப்பைக்காகப் பல வருஷம் அலைந்து, கடைசியில் முதல் ஏழுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்து வாங்குவார்கள். நிறம் பொருந்தினால் நாலு நிறுவனத்துத் தட்டுகளைக் கலந்து அடுக்குவதே எனக்கு அழகாகத் தெரிகிறது.

படி 2: என்ன பொருளால் ஆனது என்று கையால் படிப்பது

எர்த்தன்வேர், ஸ்டோன்வேர், போர்சலின், போன் சைனா, ஓப்பல் கண்ணாடி, எனாமல், மெலமைன். இந்த ஏழையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது.

தட்டின் பின்னால் விரலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விரலின் நிழல் தெரிந்தால் போர்சலின் அல்லது போன் சைனா. போன் சைனா கொஞ்சம் பால்வெள்ளையாக, மெல்லியதாக, பார்ப்பதற்கு இருப்பதைவிட உறுதியாக இருக்கும், ஏனென்றால் அதன் மண்ணில் எலும்புச் சாம்பல் சேர்ந்திருக்கிறது. வெளிச்சம் துளியும் ஊடுருவவில்லை என்றால் எர்த்தன்வேர் அல்லது ஸ்டோன்வேர். அடியில் கிளேஸ் படாமல் விட்ட வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள்: சட்டென்று உறிஞ்சினால் எர்த்தன்வேர், அப்படியே நின்றால் நன்றாகச் சுட்ட ஸ்டோன்வேர். உறிஞ்சும் மண் என்பதால்தான் எர்த்தன்வேரில் காலப்போக்கில் ஈரம் ஏறி மண் லேசாக உப்புகிறது, மேலே இருக்கும் கிளேஸ் அதோடு விரிய முடியாமல் வலைவலையாக வெடிக்கிறது.

ஓப்பல் கண்ணாடி பால்வெள்ளையாக, வழவழவென்று, விளிம்பில் லேசாக ஒளி கசியும்படி இருக்கும். அமெரிக்காவின் கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ் தயாரித்த பைரெக்ஸ் வண்ணக் கிண்ணங்களும் ஆங்கர் ஹாக்கிங் நிறுவனத்தின் ஃபயர்-கிங் பாத்திரங்களில் பலவும் இந்த வகை. நிறம் வெளியே பூசிச் சுட்டது, உள்ளே வெள்ளை. ஒரு எச்சரிக்கை: பைரெக்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் சூடு குளிர் எதையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். ஒளி ஊடுருவும் பழைய பைரெக்ஸில் பல வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி, இந்த ஓப்பல் கிண்ணங்கள் அப்படி அல்ல. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான அவனில் வைத்தால் வெடிக்கலாம். பெயர் பெரிய எழுத்தில் இருந்தால் இந்தக் கண்ணாடி, சின்ன எழுத்தில் இருந்தால் அந்தக் கண்ணாடி என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதை நம்பி அடுப்பில் வைக்காதீர்கள். 1958இல் வந்த கார்னிங்வேர் வேறு ரகம். நீலப் பூ மூன்று வரைந்த வெள்ளைப் பாத்திரம், கண்ணாடியிலிருந்து படிகமாக்கிய பீங்கான், வெப்ப மாற்றத்தை உண்மையிலேயே தாங்கும்.

எனாமல், அதாவது இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு, என்றால் காந்தம் ஒட்டும். மெலமைன் பிளாஸ்டிக், கனமே இருக்காது, தட்டினால் மந்தமாக ஒலிக்கும். மெலமைனை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, கத்தி பட்ட கீறலில் கறை பிடித்தால் போகாது, அதனால் பழைய மெலமைனில் கீறலற்றதை மட்டும் எடுங்கள்.

படி 3: எங்கே, எப்போது போவது

தொண்டு நிறுவனக் கடைகள், பழைய பொருள் சந்தைகள், வீட்டைக் காலி செய்யும் விற்பனைகள் மூன்றும் மூன்று குணம். தொண்டுக் கடையில் விலை ஒட்டுகிறவருக்குப் பெரும்பாலும் எல்லாத் தட்டும் ஒன்றுதான், அதனால் அதிர்ஷ்டம் அதிகம், ஆனால் அடிக்கடி போக வேண்டும். ஒரு தடவை மூன்று மணி நேரம் அலசுவதைவிட போகிற வழியில் பத்து நிமிடம் எட்டிப் பார்ப்பது பலன் தரும். சரக்கு எந்த நாளில் அலமாரிக்கு வரும் என்று அங்கே வேலை செய்பவரிடமே கேளுங்கள், சொல்வார்கள்.

சந்தையில் கதை வேறு. நல்ல பொருள் வேண்டுமென்றால் விடிந்ததும் போக வேண்டும், நல்ல விலை வேண்டுமென்றால் கடையைக் கட்டும் நேரத்தில் போக வேண்டும், இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. பீங்கானை மறுபடி காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று விற்பவருக்குத் தெரியும், அந்த எரிச்சல்தான் கடைசி நேரத்தில் உங்களுக்கு உதவும்.

வீட்டைக் காலி செய்யும் விற்பனையில் முன்னறைக் கண்ணாடி அலமாரிப் பக்கம் எல்லாரும் முட்டி மோதுவார்கள். நீங்கள் சமையலறையின் கீழ்த்தட்டு, பரண், கொட்டகை என்று போங்கள். தினசரி புழங்கிய மிட்-செஞ்சுரிப் பாத்திரம் அங்கேதான் கிடக்கும், சில சமயம் பெயிண்ட் கலக்கும் கிண்ணமாகவோ செடித் தொட்டிக்கு அடித்தட்டாகவோ.

பையில் என்ன வேண்டும்: சில்லறைப் பணம், பழைய செய்தித்தாள் அல்லது துண்டு, சின்ன டார்ச், புற ஊதா டார்ச், காந்தம், அளவு நாடா, ஈரத் துணி. போனில் உங்களிடம் இல்லாதவற்றின் பட்டியலும் அவற்றின் விட்டமும் இருக்கட்டும். மூடியைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அளவு நாடா தங்கம், பாத்திரம் ஓர் அடுக்கிலும் அதன் மூடி வேறெங்கோ கண்ணாடிச் சாமான்கள் நடுவிலும் கிடப்பது சர்வசாதாரணம்.

அடுக்கைப் பார்க்கும்போது மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டிலிருந்து குனிந்து விளிம்புகளைப் பாருங்கள். பத்து வெள்ளைத் தட்டுக்கு நடுவே ஒரு விளிம்பு மட்டும் மஞ்சளாகவோ தடிமனாகவோ தெரிந்தால் அதை உருவிப் பார்க்கலாம். உருவும்போது மேலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள், இழுத்தால் அடியில் இருக்கும் கரடான வளையம் கீழ்த்தட்டைக் கீறிவிடும்.

படி 4: திருப்பிப் போட்டு அடிமுத்திரையைப் படிப்பது

முத்திரை பெயரை மட்டும் சொல்வதில்லை, காலத்தையும் சொல்லும். மேற்கு ஜெர்மனி என்று அச்சிட்டிருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது என்ற வாசகம் போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலத்துக்குரியது, 1952இல் அது முடிந்தது. அந்த வாசகத்துக்கே தனிச் சேகரிப்பாளர்கள் இருப்பதால் போலி முத்திரைகளும் உண்டு: கிளேஸுக்கு மேலே அச்சிட்டு, நகத்தால் சுரண்டினால் உதிர்வது போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

டிஷ்வாஷரில் போடலாம் என்று எழுதியிருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு. மைக்ரோவேவில் வைக்கலாம் என்றிருந்தால் நீங்கள் தேடும் காலமே தாண்டிவிட்டது, எவ்வளவு பழைய தோற்றம் இருந்தாலும் சரி. பார்கோடு ஸ்டிக்கர், இணைய முகவரி பற்றியெல்லாம் சொல்லத் தேவையில்லை.

முத்திரையே இல்லாத பொருளை ஒதுக்கவும் வேண்டாம். செட்டில் பெரிய தட்டுக்கு மட்டும் முத்திரை குத்திவிட்டுக் கோப்பைகளை விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. பைரெக்ஸ் கிண்ணங்களில் எண் பொறித்திருக்கும். 1945இல் வந்த முதன்மை வண்ண செட்டை எடுத்துக்கொண்டால் 401 நீலம், 402 சிவப்பு, 403 பச்சை, 404 மஞ்சள், சின்னதிலிருந்து பெரியது வரை. ஒரே செட் என்று விற்பவர் வைத்திருப்பதில் இந்த எண்ணும் நிறமும் மாறியிருந்தால் அது ஒட்டுப்போட்ட செட்.

இன்னொன்று. தட்டின் அடியில் விளிம்பை ஒட்டி மூன்று சின்னப் புள்ளித் தழும்பு முக்கோணமாக இருந்தால் அது உடைசல் இல்லை. சூளையில் தட்டைத் தாங்கிய ஊசிகள் பட்ட இடம் அது. ஃபியஸ்டா என்ற அமெரிக்க வரிசையின் பழைய தட்டுகளில் பார்க்கலாம், குறை என்று நினைத்து வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

படி 5: தட்டு, தடவு, வெளிச்சம்

இங்கே அவசரப்படக் கூடாது. மண்பானை வாங்குவது போலத்தான், முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டை விரல் நுனிகளில் சமன் செய்து, நகத்தால் விளிம்பில் சுண்டுங்கள். டிங் என்று ஒலித்து நீண்டால் நல்லது, டொக்கென்று செத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ ஓடுகிறது. எர்த்தன்வேர் இயல்பிலேயே கொஞ்சம் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதனால் அதே அடுக்கில் இருக்கும் இன்னொரு தட்டோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை விளிம்பு முழுக்க ஒரு சுற்று ஓட்டுங்கள். கண் தவறவிடும் கடுகளவு சில்லைக்கூட விரல் பிடித்துவிடும். கோப்பையில் கைப்பிடி உடலோடு சேரும் இரண்டு இடம், டீப்பாட்டில் மூக்கின் நுனியும் மூடியின் உள் விளிம்பும், இவைதான் முதலில் போகும் இடங்கள். விலைச் சீட்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் கவனியுங்கள், நேர் சில்லுக்கு மேலேயே ஒட்டியிருப்பது எப்போதும் தற்செயல் அல்ல.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மயிரிழை விரிசலும் கத்திக் கீறலும் தெரியும். உள்ளிருந்து அடித்தால் கோப்பையின் அடிவிரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒட்டிச் சரிசெய்த இடத்தைக் கண்டுபிடிக்கப் புற ஊதா டார்ச் நல்ல கருவி, பசையும் மேலே பூசிய பெயிண்டும் சுற்றியிருக்கும் கிளேஸைவிட வேறு நிறமாகத் தெரியும். உதட்டிலோ கன்னத்திலோ வைத்துப் பார்த்தால் பீங்கான் சில்லென்றும் ஒட்டிய பிசின் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். கடையில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஓப்பல் கண்ணாடியில் பார்க்க வேண்டியது வேறு: நிறத்தின் பளபளப்பு. டிஷ்வாஷரில் பல தடவை போனது சுண்ணாம்பு பூசியது போல மங்கியிருக்கும், தடவினால் வழவழப்பு இருக்காது. ஈரத் துணியால் துடைத்தால் பளபளக்கும், காய்ந்ததும் பழையபடி மங்கும். விற்பவர் எண்ணெய் தடவி வைத்திருந்தால் இதே ஏமாற்று கொஞ்சம் நீடிக்கும், அதனால் பிசுபிசுப்பாக மின்னுவதை நம்பாதீர்கள். இந்த மங்கலுக்கு மருந்து கிடையாது.

எதை மன்னிக்கலாம்? கறை, தூசி, எரிந்த எண்ணெய்ப் பிசுக்கு, கத்தியும் முட்கரண்டியும் தீட்டிய சாம்பல் கோடு எல்லாம் போய்விடும். சில்லு, விரிசல், மங்கல், தேய்ந்த தங்கம் போகாது. உண்மையிலேயே அரிதான வடிவம் தவிர விரிசல் உள்ள எதையும் வாங்காதீர்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கியதுதான் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

படி 6: தெரிந்துவைத்திருக்க வேண்டிய சில பெயர்கள்

அமெரிக்காவில் ஹோமர் லாஃப்லின் நிறுவனத்தின் ஃபியஸ்டா 1936இல் ஃபிரெடெரிக் ஹர்ட்டன் ரீட் வடிவமைத்து வந்தது. வட்ட வட்டமாக வரி போட்ட ஒற்றை நிறத் தட்டுகள், நிறங்களைக் கலந்து வாங்கலாம் என்பதே விற்பனைத் தந்திரம். அதன் சிவப்பு, பார்ப்பதற்கு ஆரஞ்சு, யுரேனியம் ஆக்சைடால் வந்த நிறம். போர்க்காலத்தில் யுரேனியம் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டதால் 1943இல் அந்த நிறம் நின்றது, 1959இல் திரும்பி வந்தது, 1972 வரை இருந்தது. அந்தத் தட்டைக் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி அருகே வைத்தால் இன்றும் கருவி சத்தம் போடும். 1959 முதல் 1969 வரை வந்த மீடியம் கிரீன் என்ற பச்சைக்குத்தான் சேகரிப்பாளர்கள் இன்று அடித்துக்கொள்கிறார்கள்.

ரசல் ரைட் வடிவமைத்த அமெரிக்கன் மாடர்ன் 1939 முதல் 1959 வரை ஸ்டூபன்வில் மண்பாண்ட ஆலையில் தயாரானது. விளிம்பே இல்லாமல் உள்ளே மடிந்து வழியும் வடிவம், அடங்கிய நிறங்கள், அடியில் அவர் கையெழுத்து. சுலபமாகச் சில்லு பெயரும், அதனால் முழுசாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஈவா சைசல் 1947இல் ரெட் விங் ஆலைக்குச் செய்த டவுன் அண்ட் கன்ட்ரி வரிசையில் உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நிற்கும். இந்த இருவருடைய வளைவுகளைப் பார்த்துக் கண் பழகிவிட்டால், முத்திரையைப் பார்க்காமலே அந்தக் காலத்து வடிவத்தை அடையாளம் காணலாம். நட்சத்திரம் வெடித்தது போல நீலமும் மஞ்சளும் சிதறிய தட்டு கண்ணில் பட்டால் அது 1954இல் வந்த ஃபிரான்சிஸ்கன் ஸ்டார்பர்ஸ்ட்டாக இருக்கலாம், திருப்பிப் பாருங்கள்.

பிரிட்டனில் மிட்வின்டர் 1953இல் ஸ்டைல்கிராஃப்ட் வடிவத்தைக் கொண்டுவந்தது. ஜெஸ்ஸி டெய்ட் மிட்வின்டருக்கு வரைந்தவற்றில் வரிக்குதிரைக் கோடு போட்ட சாம்பெசியை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ரிட்ஜ்வே ஆலையின் ஹோம்மேக்கர் எனிட் சீனி வரைந்தது, கறுப்பு வெள்ளையில் அந்தக் காலத்து நாற்காலி, மேசை, செடித்தாங்கி எல்லாம் தட்டிலேயே இருக்கும், உல்வொர்த்ஸ் கடைகளில் சாதாரண விலைக்கு விற்றது. எனக்குக் கேட்டால், முழுச் சேகரிப்புக்கு இதைவிடச் சிறந்த ஒற்றை வடிவம் இல்லை.

ஸ்காண்டிநேவியாவும் பின்லாந்தும் தனி உலகம். ஸ்டிக் லிண்ட்பெர்க் ஸ்வீடனின் குஸ்தாவ்ஸ்பெர்க் ஆலைக்கு வரைந்த பெர்ஷோ, பச்சை இலைகள் வரிசையாக, 1961 முதல் 1974 வரை வந்தது. காய் ஃபிராங்க் பின்லாந்தின் அராபியா ஆலைக்கு 1953இல் செய்த கில்டா நேர்மாறு, வட்டமும் சதுரமும் ஒற்றை நிறமும் மட்டும், செட்டாக வாங்கத் தேவையில்லாமல் தனித்தனியாக வாங்கி அடுக்கும்படி யோசித்தது. நார்வேயின் கத்ரினஹோல்ம் எனாமல் பாத்திரங்களில் தாமரை இதழ் வரிசை இருக்கும். வடிவங்களில் பல கிரேட்டே பிரிட்ஸ் கிட்டல்சன் செய்தவை, தாமரையை வரைந்தவர் ஆர்னே கிளாவுசன். டான்ஸ்க் நிறுவனத்துக்கு யென்ஸ் குவிஸ்ட்கார்ட் 1956 வாக்கில் தந்த கோபன்ஸ்டைல் எனாமலில் மூடியின் கைப்பிடி குறுக்குச் சிலுவையாக இருக்கும், மூடியைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் தாங்கி.

ஜப்பானில் மாசாஹிரோ மோரி ஹகுசான் நிறுவனத்துக்கு 1958இல் செய்த சோயா சாஸ் குப்பி இன்றும் அதே வடிவத்தில் தயாராகிறது.

படி 7: மறுபதிப்பும் போலியும்

கடைசியாகச் சொன்னதிலேயே பிரச்சினை இருக்கிறது. நல்ல வடிவத்தை ஆலைகள் திரும்பத் திரும்பச் செய்யும். ஃபியஸ்டா 1973இல் நின்று 1986இல் புதிய மண், புதிய கிளேஸோடு மறுபடி வந்தது. கில்டா 1981இல் டீமா என்ற பெயரில் மாறுதல்களோடு திரும்பியது. பெர்ஷோ மறுபடி சந்தையில் இருக்கிறது. ஃபயர்-கிங்கின் ஜேடைட் எனப்படும் பச்சைக் கண்ணாடி வடிவங்களையும் பலர் திரும்பச் செய்திருக்கிறார்கள். இவை போலி இல்லை, பழையது என்று சொல்லி விற்கும்போதுதான் தப்பு. அடி வளையத்தின் தேய்மானத்தைப் பாருங்கள்: பல வருஷம் புழங்கியது ஒரே சீராகத் தேயாது, கையால் தேய்த்துப் பழசாக்கியது ஒரே திசையில் கீறலாக இருக்கும்.

விலை பார்க்கும்போது இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். நீலப் பூ போட்ட சாதாரண கார்னிங்வேர் பாத்திரத்துக்கு ஒரு குட்டிக் கார் விலை கேட்டு யாராவது பட்டியல் போடுவார், அது செய்தியாகும், பக்கத்து வீட்டுக்காரர் பரணில் ஏறுவார். கேட்கிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

பேரம்: ஒன்றுக்குக் குறைக்கச் சொல்வதைவிட நாலைந்தைச் சேர்த்து வைத்து மொத்தமாக என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். குறையைச் சுட்டிக்காட்டலாம், பொருளை மட்டம் தட்டக் கூடாது. தொண்டுக் கடையில் பேரம் பேசாதீர்கள்.

படி 8: கழுவுவது

முதல் கழுவல் கையால், வெதுவெதுப்பான தண்ணீரில், தொட்டிக்குள் துண்டு விரித்து. பழைய பாத்திரம் எதையும் டிஷ்வாஷரில் போட வேண்டாம், அடியில் போடலாம் என்று எழுதியிருந்தாலும். விலைச் சீட்டுப் பசைக்குச் சமையல் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் போதும்.

சாம்பல் கோடுகள் உண்மையில் கீறல் அல்ல, கரண்டியின் உலோகம் கிளேஸில் ஒட்டியது. ஆக்சாலிக் அமிலம் கலந்த தேய்ப்புப் பொடியைக் குழைத்து மெதுவாகத் தேய்த்தால் அப்படியே போகும், பார்க்க ஆச்சரியமாக இருக்கும். கையுறை போடுங்கள், பிறகு நன்றாக அலசுங்கள், வண்ணப் படத்தின் மேலும் தங்கத்தின் மேலும் இதைத் தேய்க்காதீர்கள். டீக்கறைக்குச் சமையல் சோடாக் குழைசல் போதும். கண்ணாடியில் வெள்ளைப் படலம் இருந்தால் வினிகரில் ஊறவையுங்கள், உப்புத் தண்ணீர்ப் படிவு என்றால் கரையும், அரித்த மங்கல் என்றால் அப்படியே இருக்கும்.

வலை விரிசலுக்குள் இறங்கிய பழுப்புக் கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள், பலன் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும், முழுசாகக் காயவும் பல நாள் ஆகும். குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம். உறிஞ்சும் மண்ணுக்குள் போய் உப்பாகப் படிந்து கிளேஸை உள்ளிருந்து தள்ளிவிடும். எனாமலில் இரும்புத் தேய்ப்பான் படக் கூடாது.

படி 9: ஈயம், காட்மியம்

இதைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் காலத்துக் கிளேஸிலும் வண்ணத்திலும் ஈயம் சாதாரணமாகப் பயன்பட்டது, பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியம். அமெரிக்காவிலேயே பாத்திரத்திலிருந்து கசியும் ஈயத்துக்கு அரசு வரம்பு வைக்க ஆரம்பித்தது 1971 வாக்கில்தான். இருப்பது ஒன்று, கசிவது இன்னொன்று. புளிப்பு, சூடு, நீண்ட நேரம் வைத்திருத்தல், இந்த மூன்றும்தான் கசிவைக் கூட்டும். விரிசல் விட்ட, தேய்ந்த கிளேஸில் இன்னும் மோசம்.

கடையில் கிடைக்கும் தேய்த்துப் பார்க்கும் குச்சியில் நிறம் மாறவில்லை என்றால் ஈயமே இல்லை என்று பொருள் அல்ல. எக்ஸ்-கதிரைக் கொண்டு உலோகத்தைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு கசிகிறது என்று சொல்லாது. கசிவை அளக்க ஆய்வகச் சோதனைதான் வழி. கோரெல் நிறுவனமே 2005க்கு முந்தைய தன் தட்டுகளை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது.

என் விதி எளிது. வெளியே மட்டும் வண்ணம், உள்ளே சுத்தமான வெள்ளைக் கண்ணாடி என்றால் உலர்ந்த பொருள் பரிமாறுவேன். உள்ளேயும் வண்ணம் இருந்தால் அலமாரிக்கு. வலை விரிசல் விட்டதும், யுரேனியச் சிவப்பும் அலமாரிக்கு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவற்றில் எதிலும் உணவு தருவதில்லை. எந்தப் பழைய பாத்திரத்திலும் மீந்ததைப் போட்டு ராத்திரி வைப்பதும் இல்லை.

படி 10: வீட்டில் வைப்பது, கைமாற்றுவது

தட்டுகளுக்கு நடுவே மெல்லிய துணியோ காகிதமோ போட்டு அடுக்குங்கள். கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தாதீர்கள், கைப்பிடியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடவும் வேண்டாம், அந்த இணைப்பு ஏற்கெனவே பல வருஷம் வேலை செய்துவிட்டது. மூடி உள்ள பாத்திரத்தை மூடியைத் தலைகீழாகத் திருப்பி, நடுவில் துணி வைத்து மூடினால் காற்றும் போகும், விளிம்பும் உரசாது.

ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அடிமுத்திரையையும் எடுத்து, என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன குறை இருக்கிறது, சாப்பிடவா பார்க்கவா என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஒரே கிண்ணத்தை மூன்றாவது முறை வாங்காமல் இருக்க இது ஒன்றே வழி. அப்படியும் சேர்ந்துவிட்ட இரட்டைகளை மற்ற சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ளலாம். அனுப்புவதாக இருந்தால் தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி செங்குத்தாக நிறுத்துங்கள், கோப்பைக்குள்ளும் காகிதத்தை அடையுங்கள், பெட்டியைக் குலுக்கினால் எதுவும் நகரக் கூடாது, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து நாலு பக்கமும் இடைவெளியை நிரப்பிய பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும்.